பதினேழா, பதினைந்தா?

ஜூன் 3
தம்பியிடம் பழைய காரை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அவன் ஆசையாகப் போட்டிருந்த பதினேழு அங்குலச் சக்கரங்களுக்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம். வளைவில் திருப்பினால் சாலையைக் கவ்விக்கொண்டு போகிறது. கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க நின்று ஊரார் மூக்குக்கெல்லாம் ஃபிரேம் மாட்டிவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டில் நாலு வளைவு எடுத்தால் போதும், எனக்கு இருபது வயசு.

ஜூன் 5
இன்றுதான் என் வீட்டுக்காரரை முதல்முறையாக இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் டிரைவராக இருந்தவர், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகாத மனிதர். தெருமுனைக் குழியில் சக்கரம் இறங்கியது. "அம்மா!" என்று ஒரு சத்தம். பிறகு, "என் பஸ்ல ஜனங்களை இப்படிக் குலுக்கியிருந்தா என்னை இறக்கி வச்சு உதைச்சிருப்பாங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா?

ஜூன் 6
நாத்தனார் போன் செய்தாள். இருபத்தெட்டாம் தேதி மலைமேல் பேக்கரி திறக்கிறாளாம். இவரைத் தூக்கி வளர்த்தவள். "என் தம்பி வந்துதான் கதவைத் திறக்கணும். அவன் வராம அடுப்பே பத்தவைக்க மாட்டேன்."
"பார்க்கலாம்க்கா" என்றார். போனை வைத்ததும் என்னிடம், "நீ மட்டும் போயிட்டு வா." சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கல.

ஜூன் 8
டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் காரைச் சுற்றி வந்து, "பார்க்க ஜோர்தான்க்கா. ஆனா ரிம் பெருசானா ரப்பர் மெலிஞ்சு போகும். குழியில விழுற அடி நேரா உள்ள உக்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான்" என்றார். பதினைந்து போட்டால் ரப்பர் உயரமாக இருக்கும், அடியை அதுவே வாங்கிக்கொள்ளுமாம்.
"வளைவுல?"
"கொஞ்சம் சாயும்."
"எனக்கு ரெண்டும் வேணுமே!"
"மெத்தையில படுத்துக்கிட்டே கயித்து மேல நடக்கணும்னு சொல்றீங்க."
ஆனாலும் நல்ல மனுஷர். கடையில் இருந்த ஒரு பதினைந்து செட்டை, ஓட்டிப் பார்க்கச் சொல்லி மாட்டிவிட்டார்.

ஜூன் 9
கார் இப்போது செருப்பு போட்ட யானை மாதிரி இருக்கிறது.

ஜூன் 10
குழியில் இறங்கினோம். அவருக்குத் தெரியவே இல்லை! "தாண்டிட்டோமா?" என்று கேட்டார். அந்தக் குஷியில் ஏரிக்கரை ரோட்டுக்குத் திருப்பினேன். அங்கேதான் வினை. பழைய நினைப்பில் பழைய வேகத்திலேயே வளைத்தேன். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டயர் கிறீச்சிட்டு, பாதி வண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. அவர் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தார்.
ஓரமாக நிறுத்தினேன்.
"முதுகு பிழைச்சிடுச்சு. ஆள் பிழைப்பேனான்னுதான் தெரியல" என்றார்.
"இனிமே மெதுவாவே ஓட்டுறேன், போதுமா?" — கத்திட்டேன். பாவம்.
கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு அந்தப் பழைய சக்கரம் ரொம்பப் பிடிச்சிருந்துதுல்ல?"
இல்லை என்றேன். வாய்தான் சொன்னது, மூஞ்சி ஒத்துழைக்கவில்லை.

ஜூன் 13
காலையில் கடைக்குக் கிளம்பினேன். பார்த்தால், அவர் சட்டை போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறார். "டயர் கடைக்கு விடு."
அங்கே இரண்டு பேரும் ஏதோ சம்பந்தம் பேசுவதுபோல் பேசினார்கள். நடுவில் பதினாறு என்று ஒன்று இருக்கிறதாம்! முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "பதினாறு ரிம் இப்பத்தான்க்கா வந்துச்சு, யாரோ கழட்டிக் குடுத்தது" என்றார் கடைக்காரர். தம்பியின் பதினேழைக் கொடுத்து அதை வாங்கினோம். காற்றும் அளவாக, கதவோரம் எழுதியிருக்கிற கணக்குப்படி.
"நீங்க குழியைப் பாருங்க, நான் வளைவைப் பார்க்கிறேன்" என்று ஒப்பந்தம்.
குழி: "தெரியுது. வலிக்கல."
வளைவு: முன்பு மாதிரி கவ்வவில்லை. ஆனால் கையை விடவும் இல்லை. எனக்குப் போதும். நிஜமாகவே போதும்.

ஜூன் 14
தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிப்பதுபோல் பேசினான்.

ஜூன் 27
மலை ஏறிவிட்டோம். முதல் சில வளைவுகளில் அவர் கால் பிரேக்கைத் தேடியது. பிறகு "இப்ப கியரைக் குறை... இப்ப விடு" என்று பாடம். அதற்கும் பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூக்கம்! மலைப்பாதையில், என் ஓட்டத்தில்! பெருமையாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அந்தக் கடைசி வளைவை எவ்வளவு அழகாக எடுத்தேன், பார்க்க ஆளில்லை.

ஜூன் 28
அவர் கதவைத் திறந்தார். நாத்தனார் அழுதாள், உடனே "பன் கருகுது!" என்று உள்ளே ஓடினாள். கருகியதையும் தின்றோம்.

ஜூலை 6
ஞாயிறு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டில்.
"எங்க போகணும்?"
"எங்கயும் இல்ல. சும்மா. வளைவு இருக்கிற ரோடா பார்த்து விடு."