நீங்கள் வரவழைத்த பெட்டிகளை நான் பிரித்துவிட்டேன்

என்னுடைய ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் பெயரை இப்போதுதான் எழுதிப் பழகுகிறேன். பேங்கில் எழுதச் சொல்கிறார்கள், கரண்ட் ஆபீசில் எழுதச் சொல்கிறார்கள். பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போடச் சொல்கிறார்கள். அதைப் போட்டதும் அது யாரோ பக்கத்து ஊர்க்காரர் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இங்கே பழையபடியே கூப்பிடுகிறேன். காது கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறீர்களா?

வருசம் திரும்பப் போகிறது. பேப்பரில் உங்கள் போட்டோவைப் போட்டு, கீழே நாலு வரி போடலாம் என்று நம் மகள் கவிதா சொன்னாள். நான் அஞ்சாவதோடு நின்றவள், நாலு வரியே எனக்கு ஜாஸ்தி என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நாலு வரியில் அடங்கவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதை அழுகைக்கு நடுவில் கேட்க முடியவில்லை, இப்போது கேட்கிறேன். கடையில் இருக்கிற கவுண்டர் மேஜையை எடுக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கடை தெரியாது. அடிவாரத்தில், ஏற்காடு ரோடு மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், கார் வேன் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை. மலையில் ஓடுகிற வண்டிக்கு பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் சோறு மாதிரி, தின்றுகொண்டே இருக்கும். வண்டிக்காரர் தேய்ந்ததைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டு வருவார். நீங்கள் அதை வாங்கிக் கவுண்டர் மேல் வைப்பீர்கள். புதுசை எடுத்து, பெட்டியைப் பிரித்து, பழசுக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். "தொட்டுப் பாருங்க, ரெண்டையும் தொட்டுப் பாருங்க" என்பீர்கள். அவர் தொட்டுப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் விலை பேசுவீர்கள். நானும் அதைப் பார்த்துத்தான் வியாபாரம் கற்றுக்கொண்டேன். நம் கடையில் பிரிக்காத பெட்டி வெளியே போனதே இல்லை.

அப்படி இருந்தவர், போன வருசம் ஒருநாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே மொத்த யாவாரந்தான்" என்றீர்களே. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மேல ஏற்காட்டுல, வாழவந்தில, அக்கட்ட குப்பனூருல பட்டறைக்காரனெல்லாம் ஒவ்வொரு சாமானுக்கும் சேலம் ஓடறான். நாம ஏஜென்சில இருந்து பொட்டி பொட்டியா எடுத்து அவனுங்களுக்கே குடுத்துரலாம். கவுண்டர எடுத்துப்போட்டு அந்த எடத்துல ரேக்கு அடிச்சுக்கலாம்."

"ஏனுங்க, அப்பறம் கடைக்கு யாரு வருவாங்க?"

"யாரும் வர வேண்டாம் புள்ள. பொட்டி வரும், பொட்டி போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நானும் சிரித்தேன். ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. பெட்டிகளுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அவை வருவதற்குள், காலையில் பல் விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் காரியம் முடிந்த பிறகு, மினி லாரியில் பெட்டிகள் வந்து இறங்கின. மேலே உங்கள் பெயர் எழுதியிருந்தது, 'மறைந்த' இல்லாமல். அவர்களுக்குத் தெரியாதே.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறையின் வாயில் பளபளவென்று கம்பெனி சீல் ஒட்டு. ஒட்டைக் கிழித்து ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். உடைசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? நீங்கள் இருந்தால் அப்படித்தானே செய்வீர்கள்? உங்கள் கை பட வேண்டிய சாமான். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பசி எடுத்தது.

மறுநாள் ஒரு பெரிய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனேன். நீங்கள் முதலில் பேசி வைத்திருந்தது சேவியர் தம்பியின் பட்டறை என்று தெரியும். மேலே ஒரே பனிமூட்டம். சேவியர் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்னங்க்கா இது, அத்தனையும் பிரிஞ்சு கெடக்குது?"

"நாந்தான் தம்பி பிரிச்சேன். எல்லாம் நல்லாருக்குது. ஒண்ணுல கூடக் கீறல் இல்ல."

"பொண்ணு பாக்கப் போனவங்களாட்டம் ஒண்ணொண்ணா மொகத்தத் திருப்பிப் பாத்திருக்கறீங்க!" சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அக்கா, சீல் போன பொட்டிய நான் எப்படிங்க விக்கறது? டூப்ளிகேட்டுன்னு மூஞ்சிலயே வீசுவான்."

"டூப்ளிகேட்டா? உங்கண்ணன் எடுத்த சாமானா?"

"எனக்குத் தெரியுமுங்க. மெட்ராஸ்ல இருந்து வர்ற கார்க்காரனுக்கு எங்கண்ணனத் தெரியுமா? அவன் அந்த ஒட்டு இருக்குதான்னுதான் பாப்பான்."

நம் கவுண்டரில் பிரித்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள். அங்கே பிரித்திருந்தால் நம்ப மாட்டார்களாம். ஒரே சாமான், ஒரே மலை. இது எப்படிங்க? நீங்கள் இருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பீர்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே கீழே இறங்கினேன். வளைவு ஒவ்வொன்றிலும் பெட்டிக்குள் சாமான்கள் புரண்டன.

சரி, பிரித்ததைக் கவுண்டரில் விற்கலாம் என்று வைத்தேன். வாழவந்தி வேன் ஓட்டுகிற முருகேசன் வந்தான். பழைய பேடைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். பக்கத்தில் புதுசை வைத்தேன், தொட்டுப் பார்த்தான், வாங்கிப் போனான். உங்களோடு நிற்கிற மாதிரியே இருந்தது. ஆனால் என்ன விலை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பட்டறைக்குப் பேசி வைத்த விலையையே அவனுக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு விலை சொல்ல வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சேவியர் போன் செய்தார். "அக்கா, முருகேசன் உங்ககிட்ட வாங்குன பேட எங்கிட்டக் கொண்டாந்து மாட்டிக் குடுங்கறான். எனக்குக் குடுக்கற வெலையே அவனுக்கும்னா, நான் எதுக்குங்க நடுவுல? ஒண்ணு எங்களுக்குக் குடுங்க, இல்லீன்னா நீங்களே வித்துக்குங்க. ரெண்டையும் செஞ்சா எங்க பொழப்பு என்னாகறது?"

அவர் சொல்வது சரி என்றே பட்டது. அப்புறம் வந்த பெட்டி ஒன்றைப் பிரிக்காமலே அவருக்கு அனுப்பி வைத்தேன். அடுத்த தடவை முருகேசன் கிளட்ச் பிளேட்டுக்கு வந்தபோது, "கடைல தனியா குடுக்கறதில்ல கண்ணு, மேல சேவியர் பட்டறைல வாங்கிக்க" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அவன் பேப்பர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஏனுங்க்கா, அத்தன வளைவும் எறங்கி வந்து உங்க மூஞ்சியப் பாத்துட்டு, மறுக்கா மேல ஏறி உங்க சாமானத்தானே வாங்கோணும்? அண்ணன் போனதும் கடை நொம்பப் பெருசாயிருச்சாட்டம் இருக்குது."

அவன் சொன்னதும் சரிதானே? இதுதான் எனக்குப் புரியவில்லை. யார் பேசினாலும் அவர் பேசி முடிக்கும்வரை அதுவே சரி என்று படுகிறது.

கவிதாவும் சரியாகத்தான் சொல்கிறாள். "அம்மா, பொட்டி வைக்க எடமில்ல. அப்பா சொன்ன மாதிரியே செஞ்சிரலாம். ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன், திங்கக்கெழம வந்து கவுண்டரக் கழட்டிருவாரு."

"சும்மா இரு. உங்கப்பாவக் கேட்டுட்டுச் சொல்றேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் அவள், "சரி, கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் நடுவில் இன்னொன்று நடந்தது. அது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை சேவியர், சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். போனில் கடுப்பாகப் பேசியது மனசில் இருந்திருக்கும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் எட்டி என் காலைப் பார்த்தார்.

"வீக்கம் அப்படியே இருக்குதாட்டம் தெரியுதுங்க்கா."

"உனக்கெப்படித் தம்பி தெரியும்?"

"அண்ணன் உங்ககிட்டச் சொல்லலீங்களா? மொத்த யாவாரம் உங்க காலுக்காகத்தானுங்க. 'நாளெல்லாம் நின்னு நின்னு அவ காலு தூணாட்டம் ஆயிருதுடா சேவியரு. பொட்டி யாவாரம்னா ஊட்டுல உக்காந்துட்டே செய்யலாம்'னு எங்கிட்டத்தான் சொன்னாரு."

இவ்வளவு நாளும் நீங்கள் பெரிதாகச் சம்பாதிக்க ஆசைப்பட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கோபத்தில், இருந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று உங்கள் போட்டோவைப் பார்த்துத் திட்டக்கூடச் செய்தேன்.

ஏனுங்க, என் காலைப் பற்றிப் பட்டறைக்காரரிடம் சொன்னவர், உங்கள் நெஞ்சைப் பற்றி யாரிடம் சொன்னீர்கள்? வலி முன்னமே இருந்ததா? இல்லையா? அதையும் சிரித்துச் சமாளித்தீர்களா?

கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதன் மேல் எப்போதும் ஆயில் கேன் இருக்கும். உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் நிற்கிறீர்களே என்று நான் உட்காரவில்லை. நீங்கள் எதற்காக உட்காரவில்லை? நான் நிற்கிறேன் என்றா? அப்படியானால் இத்தனை காலமும் ஒருவருக்காக ஒருவர் நின்றுகொண்டு, ஸ்டூலில் ஆயில் கேனை உட்கார வைத்திருந்தோமா? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரை எடுத்தால் நீங்கள் எனக்காக நினைத்தது நடக்கும். எடுத்தால் நீங்கள் நின்ற இடம் போய்விடும். நீங்கள் சொன்னபடி செய்வதா, நீங்கள் செய்தபடி செய்வதா? இரண்டும் நீங்கள்தானே.

பதில் வராது என்று தெரியும். அதனால் நானே ஆசாரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வர வேண்டாம், சொல்லும்போது வந்தால் போதும் என்றேன். சேவியரிடமும் பேசிவிட்டேன். இனி வருகிற பெட்டி வந்தபடியே மேலே போகும், அவர்களுக்கு உள்ள விலையில். ஏற்கெனவே நான் பிரித்தது மட்டும் கீழே கவுண்டரில், அதைவிடக் கூட்டிய விலையில். "அது தீர்ற வரைக்கும் எங்களுக்கொண்ணும் இல்லீங்க்கா" என்றார். முருகேசனுக்குச் சொல்லி அனுப்பினேன். "ஒட்டுப் போன சாமானா? எனக்கெதுக்குங்க ஒட்டு, வண்டிலயா ஒட்டப் போறேன்?" என்று வந்து வாங்கிப் போனான்.

நீங்கள் சொன்னதை நான் தட்டவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அழுதுகொண்டே பிரித்தது இப்படி எனக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் எத்தனை மிச்சம் என்று கவிதா கேட்கிறாள். நான் எண்ணவில்லை.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். பிரித்த பெட்டியில் கடைசியும் விற்றுப்போன அன்றைக்கு, ஆசாரியை நானே கூப்பிடுவேன். அதுவரைக்கும் நின்று விற்க மாட்டேன். ஆயில் கேனைக் கீழே இறக்கி ஸ்டூலைத் துடைத்தாயிற்று, உட்கார்ந்துதான் விற்பேன். புதுப் பெட்டி எதையும் பிரிக்க மாட்டேன்.

நேற்று வந்ததில் ஒன்றே ஒன்றைப் பிரித்துவிட்டேன். கை நிற்கவில்லை. நாளையிலிருந்து சத்தியமாகப் பிரிக்க மாட்டேனுங்க.

இப்படிக்கு,
கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்
உங்கள் பொண்டாட்டி