சீக்கிரம் முடிந்த வேலை

பிப்ரவரி 3
நாத்தனாரை இன்று என்னோடு சலவைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். மேலாளரிடம் கெஞ்சி நான் வாங்கிக் கொடுத்த இடம். ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை. என்ன வேகம் அவள் கையில்! பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6
பெருமைக்கு ஆயுசு கம்மி. துணி குறைவாக வரும் நாட்களில் நாங்கள் பழைய ஆட்கள் இருவரும் வேலையை இழுத்துக்கொண்டே போவோம். துணி வரும் தள்ளுவண்டி காலியானால் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால். இவளோ மதியத்துக்குள் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டாள். எதிர் மேசை அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

பிப்ரவரி 7
"கொஞ்சம் மெதுவா செய்யேன்டி" என்றேன்.
"ஏமாத்தச் சொல்றீங்களா அண்ணி?"
அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், குறுக்கே வந்தார். "அவ நல்ல பேர் வாங்குறது உனக்குப் பொறுக்கலையா?"
அவர் சட்டைக்கு மட்டும் இன்று இஸ்திரி போடவில்லை.

பிப்ரவரி 20
ஓட்டல்களில் கூட்டம் இல்லையாம். பாதி வண்டிதான் வருகிறது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நாத்தனாரையே பார்த்தபடி நின்றார். பிறகு பாராட்டினார்.

மார்ச் 1
போச்சு. இரண்டு பேர் போதுமாம். மூத்தவர் என்பதால் எதிர் மேசை அக்கா, வேகம் என்பதால் நாத்தனார். நான் மூத்தவளும் இல்லை, வேகமும் இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மார்ச் 2
அப்படி எழுதியது தப்பு. பாவம், அவள் என்ன செய்வாள்? நன்றாக வேலை செய்தாள், அவ்வளவுதானே. பக்கத்து வீட்டுக்காரர், "எல்லாம் மிஷினால வந்த வினை" என்கிறார். அங்கே புது மிஷின் எதுவும் வரவில்லை. பத்திரிகையில் ஒரு நிபுணர், வேலை இல்லாதவர்களுக்குத் திறமை போதவில்லை என்கிறார். எனக்கா? ஒரு சுருக்கம் காட்டட்டும், பார்க்கிறேன்! விருந்தாளி வராத ஓட்டல், செலவைக் குறைக்கிற மேலாளர், ஓயாத ஒரு கை... இதில் யாரைப் பிடித்துச் சண்டை போட? ஒருத்தி இரண்டு ஆள் வேலையைச் செய்தால் அந்த இரண்டாவது ஆள் எங்கேதான் போவாள்?

மார்ச் 17
கேட்ட சலவைக்கூடங்களில் எல்லாம் ஒரே பதில்: "இருக்கறவங்களுக்கே வேலை இல்லம்மா."

மார்ச் 30
வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். மாலையில் வேலை முடிந்து வரும் நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாள்.

ஏப்ரல் 12
ஓட்டல்களில் மறுபடி கூட்டம். வண்டி நிறையத் துணி, ஆள் மட்டும் அதே இருவர். நாத்தனாரின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் தடவி நீவிவிட்டேன்.
"கொஞ்ச நாள் லீவு போடேன்டி."
"போட்டா உங்களக் கூப்பிடுவாங்க."
"கூப்பிட்டா என்ன? நான் பாத்துக்கறேன்."
"அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க, அண்ணி."
அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள். என் கை தன் போக்கில் நீவிக்கொண்டிருந்தது. அவள் இடத்துக்கு வரச்சொல்லி மேலாளர் மத்தியானமே எனக்குப் போன் செய்துவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியும் விட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.