புதைத்து வைத்த மண்ணெண்ணெய்

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
12.06.2022

அன்பு மருமகன் றொமேசுக்கு,

நீ அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது ஊரே கூடிவிட்டது. கடலில் நின்ற திருக்கைகள்கூடக் கரைக்கு வந்து எட்டிப் பார்த்தன. கைவிளக்கு, விசில், வெள்ளித்தாள் போர்வை! போர்வையைப் போர்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். "தாளிலை சுத்தின கலியாணக் கேக் மாதிரி நிக்கிறியள், உள்ளை வாங்கோ" என்கிறா யூலிற்றா மாமி.

உலகம் முடிந்தால் எப்படிப் பிழைப்பது என்று கனடாவில் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போகிறாயாமே. இங்கே மண்ணெண்ணெய் வரிசை ஆனையிறவைத் தாண்டிவிட்டது. வரிசையிலேயே இரண்டு பேர் காதலித்து, கலியாணம் முடித்து, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்தாயிற்று. என் படகு இஞ்சினுக்குத்தான் சொட்டும் இல்லை. உன் வாத்தியாரைக் கேட்டு எழுது. வாட்ஸ்அப் வேண்டாம், அதில் நீ கட்டைவிரலை மட்டும் காட்டுகிறாய்.

இப்படிக்கு,
கள்ளப்பாட்டுச் சக்கரவர்த்தி
யாக்கோப்பு மாமா

ரொறன்ரோ
03.07.2022

அன்புள்ள மாமா,

பகிடி இருக்கட்டும். வாத்தியார் சொன்னதை எழுதுகிறேன். கிடைக்கும்போதெல்லாம் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள். முக்கியமானது, உங்களிடம் இருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது. கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகுங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம். ஒரு நெத்தலி பிடித்தாலே திமிங்கிலம் என்று ஊர் முழுக்கச் சொல்லுகிற ஆள் நீங்கள்.

உங்களை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. எனக்காகச் செய்யுங்கோ.

மருமகன்
றொமேஸ்

கள்ளப்பாடு
21.08.2022

மருமகனே,

மாணவன் தேறிவிட்டான்! வரிசையில் கிடைத்தது, நெடுங்கேணிக் கடைக்காரர் ஒருவரிடம் கருவாட்டுக்கு மாற்றியது, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பிக் கிணற்றுக்குப் பின்னால் புதைத்து, மேலே பூசணிக் கொடியைப் படரவிட்டேன். அரபுநாட்டு அரசர்கள் கேள்விப்பட்டால் பொறாமையில் படுத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக் கலிஸ்ரா வந்து, "அண்ணை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருக்கே?" என்று கேட்டா. "எங்கட விளக்கே கண்ணீரிலைதான் எரியுது, தங்கச்சி" என்றேன். சிரித்துக்கொண்டு போனா. எவ்வளவு அழகாகச் சொன்னேன், பார்! மாமிக்குத்தான் முகம் சரியில்லை.

எண்ணெய்ச் சுல்தான்
யாக்கோப்பு

ரொறன்ரோ
25.09.2022

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் இங்கிலீசில் வாசித்தேன். எழும்பி நின்று கைதட்டினார்கள். சுவரில் மாட்ட உங்கள் படம் வேண்டுமாம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என்ரை தம்பி இல்லையெண்டு சொன்னவனே?" என்று இரண்டு தரம் கேட்டா.

படம் அனுப்புங்கோ.

றொமேஸ்

கள்ளப்பாடு
20.11.2022

றொமேஸ்,

படம் அனுப்பவில்லை.

போன மாதம் கலிஸ்ராவின் மகன் றஜித் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தேடிப்போக எண்ணெய் வேண்டும் என்று ஊர்ப் படகுக்காரர் ஒரு கானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். விளக்கில் கிடந்ததைக்கூடச் சனம் கவிழ்த்து ஊற்றியது. என் வாசல் படலைக்கு வந்தபோது "இல்லை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் பழகியிருந்தது. பிறகுதான் யோசித்தேன். இப்போது எடுத்துக் கொடுத்தால், அன்றைக்குக் கலிஸ்ராவுக்குச் சொன்னது என்ன என்று கேட்பார்களே. அந்த வெட்கத்துக்குப் பயந்து நின்றேன்.

"ஒரு உயிர் கடலிலை நிக்குது" என்றா மாமி. "பேசாமல் இரும்" என்றேன்.

சேர்த்த எண்ணெய் போதாமல் தேடப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். மறுநாள் செம்மலைக் கிராமத்துப் படகு ஒன்று றஜித்தின் படகைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. உயிர் இருந்தது. தாயைத்தான் அடையாளம் தெரியவில்லை, தெளிய நாளெடுத்தது.

பிறகு மாரி மழை. கடற்கரை மண்ணில் தண்ணீர் ஊறி, கான் ஒன்று ஒழுகி, எண்ணெய் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. நாலு வீடு அள்ளுகிற கிணறு. முதல் வாளி போட்டது கலிஸ்ரா. வாளியை மணந்து பார்த்தா. பூசணிக் கொடியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

மிச்சக் கான்களைக் கிண்டியெடுத்துக் கரைக்குக் கொண்டுபோனேன். றஜித் தொடவில்லை. மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, யாரோ வெளியூர் ஆளுக்குச் சொல்வதுபோல "நன்றி" என்றார்கள். இப்போது நான் பகிடி விட்டால் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள்.

உன்னில் பிழையில்லை. எனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் நீ எழுதினாய். சொன்னது என் வாய். அந்தக் கடிதத்தை வாசித்த இடத்தில் இதையும் வாசி. ஒன்றும் கூட்டாதே. நானும் கூட்டவில்லை.

மாமிக்கு முழங்கால் ஏலாது. கலிஸ்ரா கோயில் கிணற்றுக்குப் போய்த் தனக்கு ஒரு குடமும் எங்களுக்கு ஒரு குடமும் கொண்டுவருகிறா. படலையில் வைத்துவிட்டு, "யூலிற்றாக்கா, தண்ணி" என்று கூப்பிடுகிறா. நான் குசினி அடுப்படியிலேயே நின்றுகொள்கிறேன். அவா போன சத்தம் கேட்ட பிறகு வந்து குடிக்கிறேன்.

யாக்கோப்பு