அடுப்பு மேடையின் உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைச் சாப்பிட்டபிறகுதானே போடுகிறீர்கள்? நான் நன்றாகவே இருக்கிறேன்.

கிடங்கில் பெட்டி கட்டும்போது மிஞ்சும் அட்டையில் குட்டிக் குட்டி அறைகள் செய்து, கைபேசியில் ஒரு குழுவுக்குப் படம் அனுப்புகிறேன் என்று சொன்னேனே. அங்கே எல்லாரும் என்னைப் போலக் கிறுக்குகள்தான். ஒரு தையற்கார அக்கா கரண்டிகளுக்குச் சட்டை தைக்கிறார்!

போன வாரம் நம் வீட்டு அடுக்களையைச் செய்தேன். உள்ளே விரல் நீளத்தில் அம்மா. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அந்த அக்கா மட்டும், "ஏம்மா, மேடை உங்கம்மா கழுத்து வரைக்கும் வருதே, எப்படிச் சமைப்பாங்க?" என்று கேட்டார். "எங்கம்மா எக்கி எக்கிச் சமைப்பாங்கக்கா" என்று சிரித்துச் சமாளித்தேன்.

பிறகு மேடையின் உயரத்தைக் குறைத்தேன், அம்மாவின் உயரத்தைக் கூட்டினேன். எதுவும் சரியாக வரவில்லை. அம்மா போனபோது லீவு கிடைக்கவில்லை, கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. ஒரே வருடத்தில் அவள் உயரமும் மறந்துவிட்டது அப்பா. இதை யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி அடுக்களையை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னான். அதற்குமுன் மேடையைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். அப்புறம், அம்மா பக்கத்தில் நின்றால் உங்களுக்கு எதுவரை வருவாள்? அந்த உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள்.

கிடங்கு வேன் வந்துவிட்டது. சாப்பிடாமல் படுக்காதீர்கள்.

உங்கள் மகள்