பதினோரு பக்கம்

தங்கச்சிக்கு,

உன் போனை மாப்பிள்ளை பார்ப்பதால், கம்பெனியில் உன் லைனில் வேலை செய்யும் பெருந்தேவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் புகார் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. உனக்கு ஆட்டிசம், கூட்டத்தில் பேச்சு வராது என்று எத்தனை முறை சொன்னேன்! "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான்தான் பாத்துக்கினு கீறேன்" என்று மாப்பிள்ளை சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நானும், "வாயத் தொறந்தா இன்னாடி?" என்று உன்மேல்தான் பாய்ந்தேன்.

நீ எழுதியனுப்பிய பதினோரு பக்கமும் வந்தது. அவர் உன்னைப் பூட்டிவைத்த நாள், அடித்த நாள், எல்லாம் தேதியோடு இருந்தன. நான் திட்டிய தேதியும் இருந்தது. அந்த வரியையும் அடிக்காமல் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "இத வச்சே கேஸ் போடலாம்" என்றார்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடியும்போது கம்பெனி கேட்டில் ஆட்டோவோடு நிற்பேன். என்னோடு வந்துவிடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

உன் அக்கா