பிஸ்கட் டின்னில் விழுந்த சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மலை தெரியவில்லை. துணி காயப்போட்டு, மழை வந்து, எடுத்து, மறுபடி போட்டு.

நேற்று எங்கள் சபை கிரேஸ் அக்காவோடு பெரிய ஆஸ்பத்திரி. இடது மார்புக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வெள்ளி, 14ஆம் தேதி. ஆபீசில் பல்வலி என்று சொல்லி லீவு. வீட்டிலும் அதே பல்வலிக் கதைதான்.

வீட்டுக்காரர் குணாவிடம் சொல்ல முடியாது. அவர் தங்கை மார்பில் கேன்சர் வந்துதான் போனாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் மனுஷன் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை என்று வந்தால் சொல்லவே வேண்டாம். வேறு மாதிரி வந்தால் அப்போது பார்க்கலாம்.

இன்றைய ஜெபம்:
வாஷிங் மெஷின் சத்தம்.
கி. அக்கா முழங்கால்.
ஆபீசில் காணாமல் போன நிலப்பத்திர ஃபைல்.
மழை ஐந்து மணிக்கு மேல் பெய்தால் உதவி.

கட்டி பட்டியலில் இல்லை. ஆண்டவருக்குத் தெரியாததா? தெரிந்தும் சும்மா இருக்கிறவரிடம் புதிதாக என்ன சொல்வது. வாய்விட்டுச் சொன்னால் பதிவாகிவிடும் என்று ஒரு பயம்.

சாப்பிடும்போது கு. திடீரென்று: "நீ எத்தன மணிக்குப் பொறந்தேன்னு உங்கம்மா சொல்லிருக்காங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதான்லா."

லாட்டரிக்கு நம்பர் எடுக்கப் போகிறார். போன மாதம் எதிர்வீட்டு லோரி நம்பர். இந்த மாதம் நான்.

மார்ச் 5, புதன்

ஃபைல் கிடைத்தது. ஸ்தோத்திரம். அலமாரிக்குப் பின்னால்.

ஆஸ்பத்திரி கார்டைக் காரில் முன்சீட்டுப் பாய்க்கு அடியில் ஒளித்திருந்தேன். இன்று பார்த்தால் அங்கேயே இருக்கிறது, ஆனால் எழுத்துப் பக்கம் கீழே. நான் மேலே பார்க்கத்தான் வைத்தேன். வைத்தேனா?

திங்கட்கிழமை அந்தச் சீட்டில் உட்கார்ந்தது கி. அக்கா. நேற்றுக் காலை கு. டயருக்குக் காற்றடிக்கக் காரைக் கொண்டுபோனார். அவர் பாயையெல்லாம் தூக்கிப் பார்க்கிறவர் இல்லை.

அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பின் எதற்கு எடுத்துப் பார்க்க வேண்டும்? யாருக்காவது தேதி சொல்லவா?

மார்ச் 7, வெள்ளி

ஜெபக்கூட்டம். சபை டயர் கடைக்கு மேலே, முதல் மாடி. படிக்கட்டின் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின், மூடியில் பிளவு. ஜெபக்குறிப்பை எழுதி அதில் போட வேண்டும். பேர் எழுதக்கூடாது; எழுதினாலும் வெளியே போகாது என்று டின்மேலேயே போட்டிருக்கும். பாட்டு முடிந்ததும் பாஸ்டரம்மா டின்னை மேலே கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜெபிப்பார். முடிந்ததும் எல்லாச் சீட்டையும் எரித்துவிடுவார்கள். வழக்கம்.

கு. காரில் கொண்டுவந்து விட்டார். "நீ போ. நான் கீழ தேத்தண்ணிக் கடையில தே குடிச்சிக்கிட்டு இருக்கேன்." கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், அந்தப் படியில் ஒன்றுகூட ஏறியதில்லை. முருகன் கோவித்துக்கொள்வாராம்.

ஆறாவதோ ஏழாவதோ சீட்டு. பாஸ்டரம்மா பிரித்தார். இரண்டு முறை படித்தார். மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, மார்புல ஒரு கட்டியோட, வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாம தனியா சுமக்கிற எங்க சகோதரிய நெனச்சருளும்."

பின்வரிசையில்: "யாருலா அது?"

"நம்ம ஆளுதான், வேற யாரு. மொகத்தப் பாத்தா தெரியாதா?"

சந்தேகம் வரக்கூடாதே என்று எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னது நான்தான்.

பக்கத்தில் கி. அக்கா கண்ணை இறுக மூடியிருந்தார். ரொம்ப இறுக.

மார்ச் 8, சனி

வக்கீல் ஆபீசில் கையெழுத்துகளை ஒத்துப் பார்த்தே பிழைப்பவள் நான். சாட்சியை வரிசைப்படுத்தினேன். தெரிந்தவர் அக்கா மட்டும். கார்டு இடம் மாறியது. "வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாம" என்பது நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை.

ஊர் தள்ளி லகாட்டில் அவர் வீட்டுக்கே போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் விஷயத்தச் சீட்டுல எழுதிப் போட்டீங்களா?"

கத்தியைக் கீழே வைத்தார். "என்ன கேட்ட?"

"ஜெபத்துக்குன்னுதான் போட்டிருப்பீங்க. தப்பா சொல்லல."

"எனக்கு வாய் பெருசுன்னு ஈப்போ பூரா தெரியும்லா. ஆனா உன் விஷயத்துல ஒரு வார்த்த வெளிய போகல. எம் புருஷனுக்கே தெரியாது. என்னையா நீ சந்தேகப்படுற?"

"வேற யாருக்கும் தெரியாதே அக்கா."

"அப்ப ஆண்டவர்தான் எழுதிப் போட்டாரு. போய் அவரக் கேளு. மீன் காயுது, போ."

வாசலில் என் செருப்பைத் தேடும்போது உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். நடிப்பு என்றே நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜெபம் ஓடவில்லை. உம்மிடம்கூட நான் வாய்திறந்து சொல்லாததை யார் சொன்னார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை. கி. அக்கா மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தார். கைகொடுக்க வருகிற ஒவ்வொருவரும் என் நெஞ்சைப் பார்ப்பதுபோல. ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முடிந்ததும் பாஸ்டரம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் நிறுத்தினேன். "அந்தச் சீட்டு யார் எழுதுனது?"

"எரிச்சாச்சும்மா."

"நான்தான் அந்தச் சகோதரின்னு உங்களுக்குத் தெரியும், நீங்க பாக்குற பார்வையே சொல்லுது. எப்படித் தெரியும்? யாரும் பேர் எழுத மாட்டாங்களே."

என்னையே பார்த்தார். வேதப்புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "எல்லாத்தையும் எரிச்சேன். இத மட்டும் எரிக்க மனசு வரல. நீயே படி."

லோரி பட்டறை பில்லின் பின்பக்கம். படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் சின்னச் சின்ன வட்டம் போடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"சர்ச்சில் உள்ள ஆண்டவருக்கு வணக்கம். பெயர் அமலா. ராசி சிம்மம். நட்சத்திரம் மகம் அல்லது பூரம். மார்பில் கட்டி. காரில் கார்டு பார்த்தேன். என்னிடம் சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லை. பயம்தான். நான் உங்கள் ஆள் இல்லை. அவள் உங்கள் ஆள். பார்த்துச் செய்யவும். இப்படிக்கு, கணவர்."

கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குச் சொல்வதுபோல. பேர், ராசி, நட்சத்திரம். அதற்குத்தான் பிறந்த நேரம் கேட்டார்.

"நட்சத்திரம் பாத்து எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துருச்சிம்மா," என்றார் பாஸ்டரம்மா. "அப்புறம் வரல."

கீழே வந்தேன். வழக்கம்போலக் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சா? போலாமா?" ஒன்றும் கேட்கவில்லை. நானும்.

மார்ச் 11, செவ்வாய்

கி. அக்காவுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை. வேலை விட்டு லகாட். மழை. குடை இல்லை.

கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே கேட்டார்: "ஆண்டவரக் கேட்டியா? என்ன சொன்னாரு?"

"எம் புருஷன்தான் அக்கா எழுதுனது. மன்னிச்சிருங்க."

"குணாவா? அந்தச் சாமியாடியா? டின்னுக்குள்ளயா?" சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "சிரிச்சதால எல்லாம் சரியாயிருச்சின்னு நெனக்காத. எனக்கு இன்னும் வலிக்குது."

துண்டு கொடுத்தார். உள்ளே கூப்பிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

வெயில். துணி நன்றாகக் காய்ந்தது.

கு. நாளைக்கு லீவு போட்டிருக்கிறாராம். "பல்லு வலிக்குதுலா." என் பொய்யையே எடுத்துக்கொண்டார்.

இன்றைய ஜெபம்:
கட்டி.
அவர் பயம்.
என் பயம்.
கி. அக்கா வலி (முழங்கால் இல்லை).
வாஷிங் மெஷின் இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுவது.

காலை ஆறே முக்காலுக்கு வாசலுக்கு வந்தால் டிரைவர் சீட்டில் அவர். நெற்றி நிறைய விபூதி. "கார்டு பாய்க்கு அடியிலதான் இருக்கு, எடுத்துக்க." ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

இங்கே வந்து உட்கார்ந்ததும் நான்தான் கேட்டேன். "மகமா, பூரமா?"

காது சிவந்துவிட்டது. "அந்தம்மா காட்டிட்டாங்களா? பேரு வெளிய போகாதுன்னு போட்டிருந்திச்சே." பிறகு மெதுவாக, "மணி தெரிஞ்சாத்தானே சரியா சொல்ல முடியும். அதான் ரெண்டுக்கும் சேத்துக் கேட்டேன்."

எங்கள் நம்பர் 43. பலகையில் 41.

அவர் எழுந்து நின்றுவிட்டார். இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றேன். உட்கார மாட்டேன் என்கிறார்.

42.