ஜெர்மன்காரனின் கார் சாவி

செர்ரா த ஆகுவா,
மதெய்ரா.

அன்புள்ள மகன் நேலியோவுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். ஜெர்சித் தீவுக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மதுக்கடையில் சுற்றுலாக் கூட்டம் குறையவில்லை. வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம் என்றதும் குழந்தைகளைப் போல மகிழ்ந்துபோகிறார்கள். பொஞ்சாவில் தேனும் எலுமிச்சையும்தான் அவர்கள் நாக்குக்குத் தெரிகிறது. அதில் கலந்த கரும்புச் சாராயம் அவர்கள் எழுந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

போன ஞாயிறு மதியம் நீ கார் ஓட்டிக்கொண்டே பேசினாயே, அன்று சாயங்காலம் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அவன் மூன்று பொஞ்சா குடித்துவிட்டு நான்காவது கேட்டான். மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. என்குமெயாதா மலைச்சாலையின் வளைவுகள் உனக்கே தெரியும். அப்பா மேசையில் கிடந்த அவனுடைய கார் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "டாக்சி கூப்பிடறேன். சாவிய காலைல வந்து வாங்கிக்க" என்றார்.

அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு கோப்பைகள் உடைந்தன. நமக்கு ஆள் கூட்டி வரும் சுற்றுலா வேன்காரர் ஜெசுயீனோ, "விர்ஜீலியோ அண்ணே, ஊத்திக் குடுக்குறதும் நீங்க, சாவியப் புடுங்குறதும் நீங்களா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார். கடையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஊத்திக் குடுத்தவன் நான். அதனாலதான்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் அந்தப் பெண்தான் கணவனை இழுத்து டாக்சியில் ஏற்றினாள்.

மறுநாள் காலை அவள் மட்டும் வந்தாள். சாவியை வாங்கியவள், அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஜெசுயீனோ இப்போது வேனை வேறு கடைக்குத் திருப்பிவிட்டார். அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டி ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் பழச்சாறுதான் கொடுக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. நேற்று பொஞ்சா கலக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தி, "இல்டா, அன்னிக்கு அவன் ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொன்னான்ல?" என்று கேட்டார்.

ஜெர்மன்காரனைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அன்று போன் லைன் சரியில்லை, அதனால்தான் நீ திரும்பச் சொன்னாய் என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பவில்லை. நானும்தான்.

நேலியோ, உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அங்கே பஸ் ஓடுகிறது அல்லவா? கூட வேலை செய்கிறவர்களில் குடிக்காதவன் ஒருவனாவது இருப்பான் அல்லவா? அவனோடு போ, மகனே.

பேசி முடிக்கும்போது எப்போதும் ஆசி கேட்பாய். அன்று மறந்துவிட்டாய். கேட்காவிட்டாலும் தருகிறேன்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், ஒவ்வொரு நாளும் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். சேர்ந்ததும், எந்நேரமானாலும் சரி, ஒரு போன் போடு. நாங்கள் விழித்துத்தான் இருப்போம்.

உன் அம்மா,
இல்டா